மகாராணி பேக்கேஜில் இல்லாத பெண்கள்

கல்யாண சீசன் தொடங்கினால் திருநின்றவூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பியூட்டி பார்லர்களின் பலகைகள் மாறிவிடும். சாதாரண மணப்பெண் அலங்காரத்துக்கு ஒரு விலை, 'ராணி' என்றால் இன்னொரு விலை, 'மகாராணி' என்றால் அதற்கும் மேல். மகாராணியில் அப்படி என்ன கூடுதல் என்று விசாரித்தால் பால் குளியல், குங்குமப்பூ ஃபேஷியல், தங்கம் கலந்தது என்று சொல்லப்படும் ஒரு பூச்சு. "அந்தக் காலத்து ராணிங்க எல்லாம் இதைத்தான் போட்டாங்க" என்பது கூடவே வரும் சொற்றொடர். என் சித்தி மகள் அப்படியொரு பார்லரில் வேலை பார்க்கிறாள். வாடிக்கையாளர்களிடம் அந்தச் சொற்றொடரை ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறவள் அவள்தான். நான் சோழர் காலக் கல்வெட்டுகளில் அரண்மனைப் பணியாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்வதால், "நெஜமாவாக்கா?" என்ற கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்து தொடங்குவோம். கிளியோபாட்ரா கழுதைப் பாலில் குளித்தாள் என்பதற்கு அவள் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. பழைய ஏடுகளில் கழுதைப் பால் குளியலோடு சேர்த்துச் சொல்லப்படும் அரசி வேறொருத்தி. ரோமப் பேரரசன் நீரோவின் மனைவி போப்பேயா. கிளியோபாட்ரா செத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்தவள். தோல் மென்மையாகும் என்று நம்பி, போகுமிடமெல்லாம் 500 கழுதைகளை அவள் ஓட்டிச் சென்றதாக முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கிறார். ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவர் நூர்ஜஹான் என்பார்கள். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் அந்தப் பெருமையை நூர்ஜஹானின் தாயாருக்குத்தான் தருகிறார். ஹங்கேரியின் எலிசபெத் பாத்தோரி, இளமை போகாமலிருக்கக் கன்னிப் பெண்களின் ரத்தத்தில் குளித்தாள் என்ற கதையும் யூடியூபில் சுற்றுகிறது. 1610இல் அவள் கைது செய்யப்பட்டபோது திரட்டப்பட்ட சாட்சியங்களில் ரத்தக் குளியல் இல்லை. 1729இல் அச்சான ஒரு நூலில்தான் அது முதலில் வருகிறது.

பாத்தோரி கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவள் மீதான குற்றச்சாட்டு, வீட்டு வேலைக்கு வந்த பெண்களை வதைத்துக் கொன்றாள் என்பது. அந்த வழக்கு எவ்வளவு நியாயமாக நடந்தது என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நூறாண்டு கழிந்ததும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். வேலைக்காரப் பெண்களின் சாவு பற்றிய ஒரு வழக்கு, சீமாட்டியின் அழகுக் குறிப்பாக மாறிப்போனது. செத்தவர்கள் மூலப்பொருள் ஆகிவிட்டார்கள்.

உண்மை கண்டறியும் பக்கங்கள் 'கிளியோபாட்ரா இல்லை, போப்பேயா' என்று திருத்திவிட்டு அடுத்த வதந்திக்குப் போய்விடும். எனக்கு அந்த 500 கழுதைகள்தான் உறுத்துகின்றன. கழுதை மாட்டைப் போலக் கறக்காது. குட்டி பக்கத்தில் இருந்தால்தான் கொஞ்சம் பால் விடும். அத்தனை கழுதைகளையும் குட்டிகளையும் மேய்த்தது, கட்டியது, கறந்தது, சாணம் அள்ளியது யார்? பிளினி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை.

நம் ஊரில் கழுதை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அழுக்கு மூட்டையைத் துறைக்குச் சுமந்த விலங்கு அது. வண்ணார் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய வசைகளில் பாதி அதன் பெயரில்தான் இருக்கும். ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவர்களை மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அந்த அளவுக்குக் கழுதை அவமானத்தின் வாகனம். அதே கழுதையின் பால் குழந்தைக்குச் சீர் தட்டாமல் இருக்கும் என்று தெருவில் சங்குக் கணக்கில் விற்கப்பட்டது, இப்போதும் விற்கப்படுகிறது. "கழுதைப் பாலே..." என்று கூவிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இன்று கழுதைப் பால் சோப்பு வாசனைத் தாளில் சுற்றப்பட்டு, கிளியோபாட்ராவின் பெயரைச் சொல்லி, சாதாரண சோப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறது. 2012க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவில் கழுதைகளின் எண்ணிக்கை 61 விழுக்காடு குறைந்து சுமார் 1.2 லட்சத்துக்கு வந்துவிட்டது என்கிறது கால்நடைக் கணக்கெடுப்பு. கழுதையோடு வாழ்ந்தவர்களின் பிழைப்பு குறைந்து, கழுதைப் பாலின் மதிப்பு ஏறியிருக்கிறது. அந்தச் சோப்பின் உறையில் எகிப்து ராணி இருப்பாள். துறையில் நின்றவள் இருக்கமாட்டாள்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் ஒரு வண்ணாத்தியின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். படிக்காதவர்கள் இந்த விளம்பரங்களுக்கு நடுவில் அதைப் படித்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்டோருக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்கள் நம் சேரிகளின் ஓரத்திலும் ஓரமாக வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கென்று நல வாரியம் அமைய 2009 ஆனது. தீட்டுத் துணியை யாரிடம் தூக்கிப் போட்டோம் என்ற கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. மஞ்சள் நீராட்டு விழாவை நாமும்தான் ஃப்ளெக்ஸ் வைத்து நடத்துகிறோம்.

இனி, தமிழ் அரசிகள். 'சங்க காலப் பெண்களின் சிவந்த மேனி ரகசியம்' என்று ஒரு ரீல்ஸ் எனக்கு வந்தது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்லும் கருமை கலந்த நிறம் அது. அவள் மேனி வெளிறிப்போனால் அதற்குப் பெயர் பசலை. அது பிரிவால் வரும் நோய், அழகு கெட்டதற்கு அடையாளம். நம் பழைய கவிஞர்கள் நோய் என்று எழுதியதை, இன்று டப்பாவில் அடைத்து அவர்கள் பெயராலேயே விற்கிறார்கள். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அத்தகைய கிரீம்களில் கலக்கப்படும் பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேர்கிறது. சித்தி மகளிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். வரலாறெல்லாம் அப்புறம்.

பழந்தமிழில் குளியலுக்கான மிக விரிவான குறிப்பு சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இருக்கிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் கூந்தலை நனைத்து, அகில் புகையில் உலர்த்தி, கத்தூரிக் குழம்பு பூசுகிறார்கள். இந்தப் பொருள்களை அடியார்க்குநல்லார் தன் உரையில் பட்டியலிட்டிருக்கிறார். துவரில் பூந்திக்கொட்டை, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், ஆல் அரசு போன்ற நான்கு மரங்களின் பட்டை. விரையில் கோட்டம், அகில், சந்தனம் முதலியவை. துவரில் பாதியை இன்றும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவிடலாம். பாலும் இல்லை, தங்கமும் இல்லை.

ஆனால் அந்தக் குளியல் எந்த ராணியுடையதும் அல்ல. அது மாதவியுடையது. அரங்கேறிய ஆடல் மகள், கணிகையர் குலத்தில் பிறந்தவள். ஊடியிருக்கும் கோவலன் மனம் மாற வேண்டும் என்பதற்காக அந்த அலங்காரம் நடக்கிறது. ஒருவன் முகம் சுளித்தால் வாழ்க்கையே ஆடிப்போகும் நிலையில் வைக்கப்பட்ட ஒரு பெண், தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் காட்சி அது. இதைத்தான் 'பண்டைய தமிழ் அரசிகளின் கூந்தல் ரகசியம்' என்று மாற்றிச் சொல்கிறார்கள். கணிகை என்று சொன்னால் எண்ணெய் விற்காது. வண்ணமும் சுண்ணமும் சாந்தும் பூவும் விற்றுக்கொண்டு புகார்த் தெருக்களில் திரிந்தவர்களையும் இளங்கோ அதே காப்பியத்தில் எழுதியிருக்கிறார். அவர்களைப் பற்றி ரீல்ஸ் எதுவும் வரவில்லை.

அப்படியானால் உண்மையான அரசக் குளியல் எப்படி நடந்தது? என் ஆய்வு தொடுவது இந்த இடத்தைத்தான்.

எங்கள் ஊரில் பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே அறிவிப்புப் பலகையில் 'திருமஞ்சனம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பெருமாளுக்குப் பால், மஞ்சள், சந்தனம் கொண்டு நடக்கும் நீராட்டு. சோழர் காலத்தில் இதே சொல் அரசனின் குளியலுக்கும் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் 'உய்யக்கொண்டான் தெரிந்த திருமஞ்சனத்தார் வேளம்' என்று ஒரு பெயர் வருகிறது. உய்யக்கொண்டான் ராஜராஜனின் பட்டப்பெயர்களில் ஒன்று. தெரிந்த என்றால் தெரிந்தெடுத்த. திருமஞ்சனத்தார் என்றால் குளியல் பணி செய்கிறவர்கள். வேளம் என்பது அவர்கள் தங்க வைக்கப்பட்ட குடியிருப்பு. பாண்டித் திருமஞ்சனத்தார் வேளம் என்று இன்னொன்று. உண்கலங்களைப் பார்த்துக்கொள்ளும் திருப்பரிகலத்தாருக்கு ஒரு வேளம். பஞ்சவன்மாதேவியின் பெயரில் ஒன்று. தஞ்சாவூரில் இப்படிப் பல வேளங்கள் இருந்தன. இந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்ததும் அந்தப் பெண்களைப் பற்றி எழுதப்போய் அல்ல. கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஒப்புக்கொண்டு கால்நடைகளைப் பெற்ற இடையர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று குறிக்கும்போது, முகவரியாக அவை கல்லில் ஏறிவிட்டன.

வேளத்துப் பெண்கள் யார்? போரில் பிடித்து வரப்பட்ட பெண்கள் அவர்களில் கணிசமானோர் என்று வரலாற்றாளர் தாவுத் அலி தன் கட்டுரையில் விரிவாக வாதிட்டிருக்கிறார். கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பிலேயே, தோற்று ஓடிய பாண்டியரின் பெண்கள் சோழனின் வேளத்துக்குள் வந்தவர்களாகக் குறிக்கப்படுகிறார்கள். அதைச் செயங்கொண்டார் வெற்றிப் பெருமிதமாகவே பாடுகிறார். தமிழ் மாணவர்கள் அந்தப் பகுதியைச் சந்தத்துக்காக மனப்பாடம் செய்கிறோம். 'பாண்டி' என்று பெயர் தாங்கிய குளியல் வேளத்தைக் கல்வெட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பரணிதான் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவே நூறாண்டு இடைவெளி இருக்கிறது. ஒரே நிகழ்வைப் பேசுகின்றன என்று நான் சொல்லவில்லை, வழக்கம் ஒன்றுதான் என்கிறேன். 1007ஆம் ஆண்டின் ஹொட்டூர்க் கல்வெட்டில் சாளுக்கியர், சோழப் படை தங்கள் நாட்டில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது, பெண்களைப் பிடித்துச் சென்றது என்று எழுதியிருக்கிறார்கள். எதிரியின் கூற்று, மிகை இருக்கும். ஆனால் சோழ மெய்க்கீர்த்திகளும் பகைவர் பெண்களைக் கவர்ந்ததைப் பெருமையாகத்தான் பாடுகின்றன. கவர்ந்தவனும் இழந்தவனும் ஒன்றையே சொன்னால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஆக, அரசக் குளியலில் வெந்நீர் காய்ச்சி, சந்தனம் அரைத்து, முதுகு தேய்த்த கைகளில் பல, சொந்த ஊர் எரிவதைப் பார்த்துவிட்டு வந்த கைகள். அதைச் சித்தி மகளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமலிருந்து, "அவங்களுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டாள். நான் படித்த எந்த ஆய்வுக் கட்டுரையும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பெரிய கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் பங்கும் என்று கல்வெட்டில் கணக்கு இருக்கிறது. வேளத்துப் பெண்களில் சிலர் கோயிலுக்கு விளக்கு எரிக்கக் கொடை தந்திருக்கிறார்கள், ஆகவே கையில் ஏதோ இருந்திருக்கிறது. வெறும் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் அவர்களைப் பார்ப்பதும் தவறு. ஆனால் தஞ்சைக் கல்வெட்டில் பிற பணியாளர்களுக்கு இருப்பது போன்ற பங்குக் கணக்கு அவர்களுக்கு இல்லை.

அந்தக் கோயிலின் சுவரிலேயே, கிராமங்களின் இறையிலி நிலங்களைக் கணக்கெடுக்கும் பகுதியில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் இருக்கின்றன. ஒரே அரசன், ஒரே சுவர். ஒரு பக்கம் அரசன் மேனியைத் தொட்டே ஆக வேண்டியவர்கள், மறுபக்கம் யாரையும் தொடவே கூடாதவர்கள். 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பார்லர்களிலும் குந்தவை கொண்டை, நந்தினி நெற்றிச்சுட்டி என்று கேட்டு வந்தார்கள். நானும் படத்தை ரசித்துத்தான் பார்த்தேன், அந்த நகைகளை யார்தான் ரசிக்கமாட்டார்கள். அவற்றைப் பூட்டிவிட்டவளின் வீடு எந்த வேளத்தில் இருந்தது என்று படம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதையைச் சொல்லத் தேவையில்லை. காஞ்சியில் காடவர் கோன் கற்கோயில் எழுப்பிக்கொண்டிருந்தபோது, கையில் காசில்லாத பூசலார் இங்கே மனதுக்குள்ளேயே கல்லும் தச்சரும் சேர்த்துக் கோயில் கட்டி முடித்தார். சிவன் இவர் கோயிலுக்குத்தான் முதலில் வருவேன் என்று அரசனிடம் சொல்லிவிட்டார். சின்ன வயதில் எனக்குப் பிடித்த கதை. ஏழை ஜெயிக்கிற கதை யாருக்குத்தான் பிடிக்காது. இப்போது யோசித்தால், கல் சுமந்து யாருடைய தோளும் புண்ணாகாத ஒரே கோயில் அதுதான். நமக்குச் சொல்லப்படும் ராணி ரகசியங்களும் மனக்கோயில்கள்தான். சந்தனம் தானே அரைபடும், வெந்நீர் தானே காயும்.

இதுவரை சொன்னது உழைப்பைப் பற்றி. இன்னொரு பாதி இருக்கிறது. அலங்காரம் விருப்பமாக இருந்ததைவிட அனுமதியாகவே நீண்ட காலம் இருந்திருக்கிறது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் ஓர் அரசாணை பொறிக்கப்பட்டிருக்கிறது. கம்மாளர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அது அனுமதி தருகிறது. அனுமதி என்று ஒன்று தேவைப்பட்டால் அதற்கு முன் என்ன இருந்தது என்பது வெளிப்படை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டபின் 1859இல் வந்த அரச அறிவிப்புகூட, உடம்பை மறைத்துக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றுதான் சொன்னது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. ஏழாவது தடை, பெண்கள் பூவும் மஞ்சளும் பூசிக்கொள்ளக் கூடாது என்பது. ஆங்கில மூலத்தில் 'சாஃப்ரான்' குழம்பு என்று இருக்கிறது. அக்கால வெள்ளை அதிகாரிகள் மஞ்சளை அப்படித்தான் எழுதினார்கள், ராமநாதபுரத்துச் சேரியில் குங்குமப்பூ ஏது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

ஒரு துண்டு மஞ்சள் என்ன விலை இருந்திருக்கும்? காசில்லாமல் பூசாமல் விட்டவர்கள் அல்லர் அவர்கள். பூசினால் வீட்டைக் கொளுத்துவோம் என்றார்கள்.

'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல, மஞ்சள் தேய்த்துக் குளித்தார்கள்' என்ற வாட்ஸ்அப் பெருமிதத்தைப் படிக்கும்போது, 'நம்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான். என் ஆயா திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கல்யாணமான புதிதில் மல்லிகை வைத்துக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போனால், தெரு முனையில் எடுத்து மடியில் முடிந்துகொண்டு, தாண்டியதும் மறுபடி வைத்துக்கொள்வாராம். அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. வெயிலில் பூ வாடிவிடும், மடியில் இருந்தால் வாடாது என்பார். வெகு காலம் கழித்துத்தான் அந்தக் காரணம் எங்களுக்காகச் சொல்லப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. பாட்டி வைத்தியம் என்ற தலைப்பில் வரும் எந்தக் குறிப்பிலும் என் பாட்டியின் இந்தக் குறிப்பு இருக்காது.

அது பழைய காலம் என்று சொல்வதற்கும் வழியில்லை. போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சித்தி மகள் மகாராணி பேக்கேஜுக்குப் போனாள். மணப்பெண்ணின் காலைக் கழுவி, நகம் வெட்டி, மருதாணி போட்டு, முகப் பூச்சு முடித்தாள். ஜடை அலங்காரம் தொடங்கும் முன் ஒரு பெரியம்மா வந்து "நீ எந்தப் பக்கம்மா?" என்று விசாரித்திருக்கிறார். இவள் தெருப் பெயரைச் சொன்னாள். அதன் பிறகு "தலையில பூ மட்டும் எங்க வீட்டுச் சுமங்கலிங்க வெச்சிக்கிறோம், நீ ஒக்காரு" என்று சொல்லிவிட்டார்கள். காபி மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. காலைத் தொடலாம், தலையைத் தொடக் கூடாது. பணம் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறையில்லை என்றாள். பார்லர் முதலாளியம்மாவிடம் சொன்னதற்கு, அடுத்த தடவை கேட்டால் வேறு தெருப் பெயரைச் சொல்லிவிடு என்று அறிவுரை கிடைத்திருக்கிறது. அது அக்கறையில் சொன்னதுதான் என்பது இன்னும் மோசம்.

சில தோழர்கள் கேட்பார்கள்: அழகு, அலங்காரம் எல்லாமே ஆணாதிக்க, முதலாளியக் கண்கட்டு வித்தை, இதில் யார் பூ வைத்தால் என்ன? கூட்டங்களில் பெண்கள் லிப்ஸ்டிக் போட்டு வந்தால் அரசியல் தெளிவு குறைவு என்று ஜாடையாகப் பேசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பூவும் மஞ்சளும் மறுக்கப்படாத வீட்டில் பிறந்தவர்களுக்கு அவற்றைத் துறப்பது சுலபம். துறப்பதற்கும் முதலில் கையில் இருக்க வேண்டும். ஏழாவது தடைக்கு ஆளானவர்களின் பேத்தி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு அவர்கள் தெரு வழியே நடப்பதை நுகர்வு மோகம் என்ற ஒரே பெட்டிக்குள் என்னால் போட முடியவில்லை. அதற்காக அவளிடம் பாதரசக் கிரீமை விற்கிறவனை விட்டுவிடவும் முடியவில்லை.

அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். 1927 டிசம்பரில் மகாடில் அவர் பெண்களிடம் தனியாகப் பேசியதை அவ்வளவு பேசுவதில்லை. பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளியதற்காக மார்ச் மாதம் அடி வாங்கிய அதே மகாட், மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாடு. அன்று அந்தப் பகுதியின் மகர் பெண்கள் புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்ட வேண்டும், கழுத்திலும் கையிலும் கனமான மலிவு உலோக நகைகளைச் சுமக்க வேண்டும் என்பது வழக்கம். தூரத்திலிருந்தே சாதி தெரிந்துவிடும். புடவையை இறக்கிக் கட்டுங்கள், சாதியைக் காட்டும் அந்த நகைகளைக் கழற்றி எறியுங்கள், சுத்தமாக உடுத்துங்கள் என்று அவர் சொன்னார். தத்துவமாக எதையும் விளக்கவில்லை, புடவையை எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றித்தான் பேசினார். மாநாட்டுக்கு வந்திருந்த பெண்கள் ஊர் திரும்பும்வரைகூடக் காத்திருக்கவில்லை. மறுநாளே, அதே மகாடில், புடவையைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.